சோழமண்டலக் கரையில் மேற்கத்திய இசை – 17: திமிங்கிலம் ஏறிய மேடை

1959-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆலன் ஹோவனெஸ் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்று மெட்ராஸுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 48. மாசசூசெட்ஸில் பிறந்தவர், தந்தை அர்மீனியர், தாய் ஸ்காட்லாந்து வழி வந்தவர். இளமையில் எழுதியவற்றில் பெரும்பகுதியைத் தானே நெருப்பிலிட்டுவிட்டு, முதலிலிருந்து தொடங்கிய மனிதர். மியூசிக் அகாடமி தன் இசைவிழாவுக்கு அவரை அழைத்தது. இங்கே இருந்த மாதங்களில் 300-க்கும் மேற்பட்ட ராகங்களைக் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அகில இந்திய வானொலிக்காக, முழுக்க நம் வாத்தியங்களுக்கென்றே 'நாகூரன்' என்ற படைப்பை எழுதினார். 'மெட்ராஸ் சொனாட்டா' என்ற பியானோ படைப்புக்கு இறுதி வடிவம் கொடுத்ததும் அந்தக் காலத்தில்தான்.

இந்தத் தொடரில் இதுவரை பார்த்ததெல்லாம் வரவு. கோட்டை பேண்டுகாரர்கள் வாசித்த மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சாகித்யம் கட்டினார். அவர் தம்பி பாலுசுவாமி, மணலி முதலியாரின் ஆதரவில் வெள்ளைக்காரரிடம் வயலின் பயின்றார். 1842-இல் தொடங்கிய மிஸ்க்வித் கடை, இன்றைய மியூஸி மியூசிகல், பியானோக்களைத் தருவித்து விற்றது. எல்லாமே கப்பலில் வந்து இறங்கியவை. ஹோவனெஸ் இங்கிருந்து திரும்பிப் போனவர். போய்ப் பத்தாண்டு கழித்து அவர் செய்த ஒரு காரியம், மேற்கத்திய இசையின் ஆழமான நம்பிக்கை ஒன்றை அசைத்துப் பார்த்தது. இசை மனிதன் செய்வது, மனிதன் கேட்பதற்காகச் செய்வது, மற்ற உயிர்களெல்லாம் அதற்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலை என்பதே அந்த நம்பிக்கை. கேளம்பாக்கத்தில் காயலோரம் குடியிருக்கும் நமக்கு அது ஏன் முக்கியம் என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நியூயார்க்.

1970 ஜூன் 11. நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை அன்று நடத்தியவர் ஆந்த்ரே கோஸ்டலனெட்ஸ். அவர் கேட்டு எழுதி வாங்கிய புதுப் படைப்புதான் ஹோவனெஸின் 'அண்ட் காட் கிரியேட்டட் கிரேட் வேல்ஸ்'. கடவுள் பெருந்திமிங்கிலங்களைப் படைத்தார் என்ற விவிலியச் செய்தியைத் தலைப்பாக வைத்திருந்தார். சுமார் 12 நிமிடம் ஓடும். தொடக்கத்தில் வயலின்காரர்கள் ஒவ்வொருவரும் தமக்குக் கொடுத்த சில சுரங்களைத் தம் விருப்பமான வேகத்தில் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டாம், தாளம் சேர வேண்டாம். முப்பது நாற்பது பேர் அப்படி வாசிக்கும்போது தனிச் சுரம் எதுவும் காதில் நிற்காது; பெரும் நீர்ப்பரப்பு புரள்வது போன்ற ஓர் இரைச்சல் மட்டும் எழும். பிறகு வாத்தியங்கள் அடங்கும். ஒலிநாடாவிலிருந்து கூன்முதுகுத் திமிங்கிலம் பாடத் தொடங்கும். முனகல், ஏற்றம், நீண்ட இழுப்பு, மீண்டும் முனகல். கோட்டு அணிந்த வித்வான்கள் வில்லை மடியில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். டிராம்போன்கள் அந்த இழுப்பைப் பிடித்துச் சறுக்கிப் பார்க்கும். திமிங்கிலம் மறுபடி பாடும்.

மேற்கத்திய இசையில் பறவையும் கடலும் அதற்கு முன்பும் உண்டு. விவால்டியின் 'நான்கு பருவங்கள்' 1725-இல் அச்சானது. அதில் குயில் உண்டு, நாய் உண்டு, இடி உண்டு. பீத்தோவன் 1808-இல் அரங்கேற்றிய ஆறாவது சிம்பொனியின் இரண்டாம் பகுதி முடியும் இடத்தில் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட் மூன்றுக்கும் மேலே நைட்டிங்கேல், காடை, குக்கூ என்று பெயரே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அந்தப் பறவைகள் ஓடைக்கரையில் உலவும் மனிதனின் உள்ளக் கிளர்ச்சிக்குச் சான்றாக வருபவை. தாம் எழுதியது காட்சி ஓவியம் என்பதைவிட உணர்ச்சியின் வெளிப்பாடே என்று பீத்தோவனே விளக்கம் கொடுத்திருக்கிறார். 1924-இல் இத்தாலியர் ரெஸ்பிகி ஓர் அடி முன்னே போனார். 'ரோமாபுரியின் பைன் மரங்கள்' என்ற படைப்பில் உண்மையான நைட்டிங்கேலின் குரலை கிராமபோன் தட்டில் ஓடவிட்டார். அங்கும் அது நிலவொளிக்கு வைத்த அலங்காரமாகவே நின்றது.

ஹோவனெஸிடம் வேறு என்ன நடந்தது என்று புரிய, அந்த ஒலிநாடா எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். பெர்முடா தீவருகே அமெரிக்கக் கடற்படை நீருக்குள் ஒலிவாங்கிகளை இறக்கி வைத்திருந்தது. சோவியத் நீர்மூழ்கிகளின் நடமாட்டத்தை ஒட்டுக்கேட்பது நோக்கம். அங்கே பொறியாளராக இருந்த ஃபிராங்க் வாட்லிங்டன், விளங்காத சில குரல்களைப் பதிவுசெய்து வைத்திருந்தார். 1960-களின் பிற்பகுதியில் அந்த நாடாக்களை உயிரியலாளர் ரோஜர் பெயின், அவர் மனைவி கேட்டி பெயின் ஆகியோரிடம் கொடுத்தார். ரோஜர் செல்லோ வாசிப்பவர். கேட்டி இசை படித்தவர். கேட்கக் கேட்க அவர்களுக்குப் பிடிபட்ட விஷயம், அந்தக் குரல்கள் ஒழுங்காகத் திரும்பி வருகின்றன என்பது. சில ஒலிகள் சேர்ந்து ஒரு சொற்றொடர், சில சொற்றொடர்கள் சேர்ந்து ஒரு பகுதி, பகுதிகள் வரிசை மாறாமல் வந்து, முடிந்ததும் முதலிலிருந்து மீண்டும். 1971-இல் ரோஜர் பெயினும் ஸ்காட் மெக்வேயும் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை இதைப் பாட்டு என்றே அழைத்தது. ஒரு கடல்பகுதியின் ஆண் திமிங்கிலங்கள் எல்லாம் ஒரே பாட்டைப் பாடுகின்றன, அந்தப் பாட்டு காலப்போக்கில் மாறிக்கொண்டே போகிறது, பாடுபவை எல்லாம் சேர்ந்தே அந்த மாற்றத்தை ஏற்கின்றன என்று கேட்டி பெயின் பின்னர் காட்டினார். நம் ஊரில் பாடாந்தரம் மாறுவதைக் கவனிப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

கேட்டியைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். 1984-இல் அவர் போர்ட்லாந்து உயிரியல் பூங்காவில் ஆசிய யானைகளின் அருகே நின்றிருந்தபோது காற்றில் ஓர் அதிர்வை உடம்பால் உணர்ந்தார். காதுக்கு எதுவும் எட்டவில்லை. சிறுமியாகத் தேவாலயப் பாடகர் குழுவில் பைப் ஆர்கனுக்குப் பக்கத்தில் நின்று பாடிய நாட்களில், மிகத் தாழ்ந்த சுரம் ஒலிக்கும்போது இதே அதிர்வை உணர்ந்தது நினைவுக்கு வந்தது. ஒலிப்பதிவுக் கருவிகளோடு திரும்பி வந்து சோதித்தபோது, மனிதக் காது கேட்கும் எல்லைக்குக் கீழே யானைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது உறுதியானது. ஆர்கன் இசையில் பழகிய உடம்புதான் யானையின் பேச்சைப் பிடித்தது. மேற்கத்திய இசையை இந்த விஷயத்தில் வெறுமனே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த இசை கொடுத்த செவிப் பயிற்சியே, அந்த இசை எழுப்பிய சுவரைத் தாண்டவும் உதவியிருக்கிறது.

1970-இல் ரோஜர் பெயின் வெளியிட்ட 'சாங்ஸ் ஆஃப் தி ஹம்ப்பேக் வேல்' இசைத்தட்டு அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தது. 1979 ஜனவரியில் 'நேஷனல் ஜியாகிரஃபிக்' இதழ் திமிங்கிலப் பாட்டை மெல்லிய பிளாஸ்டிக் தட்டாக அச்சிட்டு, 1 கோடியே 5 லட்சம் பிரதிகளோடு இணைத்து அனுப்பியது. 1977-இல் விண்வெளிக்குப் புறப்பட்ட வாயேஜர் கலங்களின் தங்கத்தட்டில் ஹிந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் குரலும் திமிங்கிலத்தின் குரலும் ஒன்றாகவே போயின. 20-ஆம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 29 லட்சம் திமிங்கிலங்களை மனிதர்கள் கொன்றிருக்கிறார்கள். வணிகத் திமிங்கில வேட்டையை நிறுத்திவைக்க சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணையம் 1982-இல் வாக்களித்தது; 1986-இல் அது நடைமுறைக்கு வந்தது. பாட்டுதான் வேட்டையை நிறுத்தியது என்றால் மிகை. ஆனால் எண்ணெய்ப் பீப்பாயாகப் பார்க்கப்பட்ட ஒரு பிராணியைப் பாடகராகக் கேட்ட பிறகு, கொலையை நியாயப்படுத்துவது கடினமாகிவிட்டது.

இருந்தாலும் ஹோவனெஸின் படைப்பை முழுமையாகக் கொண்டாட என்னால் முடியவில்லை. திமிங்கிலம் எப்போது பாட வேண்டும் என்பதை நடத்துநரின் கோல்தான் முடிவுசெய்கிறது. நாடாவை ஓடவிடுவதும் நிறுத்துவதும் மனிதக் கை. கல்யாண வீட்டில் வெளியூர் விருந்தாளிக்கு முன்வரிசையில் நாற்காலி போடுவது மாதிரி. மரியாதை உண்டு, பந்தல் யாருடையது என்பதில் மாற்றமில்லை. மேடையில் இடம் கொடுத்தது பெரிய காரியம்தான். மேடை என்ற ஏற்பாட்டையே கேள்வி கேட்டவர்கள் வேறு சிலர்.

அவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ். அவர் கதையிலும் இந்தியா உண்டு. அகமதாபாத் சாராபாய் குடும்பத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் 1946-இல் நியூயார்க் போய், கேஜிடம் மேற்கத்திய இசையிலக்கணம் கற்றார். பதிலுக்கு இந்திய இசையின் அடிப்படைகளைக் கேஜுக்குச் சொல்லிக்கொடுத்தார். இசை என்பது இசைப்பவன் தன் உணர்ச்சியைக் கொட்டும் இடம் என்ற எண்ணத்திலிருந்து கேஜ் விலகியதில் அந்த நட்புக்குப் பங்குண்டு. 1952 ஆகஸ்ட் 29-இல் வுட்ஸ்டாக் அருகே மேவரிக் அரங்கில் '4 நிமிடம் 33 நொடி' அரங்கேறியது. டேவிட் டியூடர் பியானோ முன் உட்கார்ந்து ஒரு சுரமும் வாசிக்கவில்லை. இதைப் பலர் வேடிக்கையாகவே சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டார்கள். அந்த அரங்கின் பின்பக்கம் காட்டைப் பார்த்துத் திறந்திருந்தது என்பதைச் சொல்வதில்லை. முதல் பகுதியில் வெளியே காற்று, இரண்டாவதில் கூரைமேல் மழைத்துளி, மூன்றாவதில் முணுமுணுத்தபடி எழுந்துபோன ஜனங்கள். கேஜ் அவ்வளவையும் இசை என்றார்.

கனடாவில் இசையமைப்பாளர் மரே ஷேஃபர் வான்கூவர் அருகிலுள்ள சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் உலக ஒலிச்சூழல் திட்டத்தைத் தொடங்கி, ஊர் ஊராக மணிச்சத்தம், கப்பல் ஊதல், தவளை எல்லாவற்றையும் பதிவுசெய்தார். 1981-இல் டொராண்டோ அருகே ஓர் ஏரியில், விடிவதற்கு முன், தோணிகளில் இருந்தும் எதிர்க்கரைகளில் இருந்தும் பாடும்படி 'பிரின்சஸ் ஆஃப் தி ஸ்டார்ஸ்' என்ற இசை நாடகத்தை நிகழ்த்தினார். பறவைகள் விழித்துக் குரல் கொடுக்கும் நேரத்தையும் கணக்கிட்டே எழுதப்பட்ட படைப்பு அது. கலிஃபோர்னியாவில் பெர்னி கிராஸ் என்ற சிந்தசைசர் கலைஞர் தொழிலை விட்டுக் காடுகளின் ஒலியைப் பதிவுசெய்யப் போனார். சியரா நெவாடா மலையின் லிங்கன் மெடோ என்ற புல்வெளியில் 1988-இல் அவர் எடுத்த பதிவில் பறவைக் குரல்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. அதன்பின் ஒரு மரக் கம்பெனி, காட்டுக்குச் சேதமில்லாமல் மரங்களைத் தேர்ந்தெடுத்து வெட்டுகிறோம் என்று சொல்லி வெட்டியது. அடுத்த ஆண்டு அதே மாதம், அதே இடத்தில் நின்று எடுத்த புகைப்படத்தில் வித்தியாசமே தெரியவில்லை. ஒலிப்பதிவில் ஓடைச் சத்தமும் ஒரு மரங்கொத்தியும்தான் மிச்சம். கண் ஏமாந்த இடத்தில் காது ஏமாறவில்லை.

இனி கேளம்பாக்கம்.

ராஜீவ் காந்தி சாலையை ஒட்டி எழுந்த அடுக்ககங்களில் கீபோர்டு வாசிக்கும் குழந்தைகள் ஏராளம்; சில வீடுகளில் அப்ரைட் பியானோவும் உண்டு. ஐப்பசி மழை பிடித்ததும் ட்யூனரைத் தேடி போன் பறக்கும். அவர் வந்து முன்பலகையைக் கழற்றினால் உள்ளே தெரிவது ஒரு சின்ன வனம். சுருதிப்பலகை ஸ்ப்ரூஸ் மரம். ஈரம் குடித்து உப்பி, சுருதி ஏறியிருக்கும். சுத்தியல்களின் தலையில் ஆட்டு ரோம ஃபெல்ட். அதைப் பூச்சி அரித்திருக்கும். கீழ்ச்சுரக் கம்பிகளில் சுற்றிய செம்பில் உப்புக்காற்றின் பச்சைப் பூப்பு. பழைய ஜெர்மன் பியானோவாக இருந்தால் வெள்ளைக் கட்டைகள் தந்தம், கறுப்புக் கட்டைகள் கருங்காலி. ட்யூனர் ஒட்டிக்கொண்ட கட்டைகளைத் தளர்த்தி, சுருதி சேர்த்து, பூச்சிக்கு அந்துருண்டை போட்டு, ஈரம் இழுக்க 40 வாட் பல்பு ஒன்றை அடியில் தொங்கவிட்டுப் போவார். மனித மேதைமையின் உச்சமென்று நாம் வைத்திருக்கும் அந்தப் பெட்டிக்குள் மரமும் ஆடும் யானையும்தான் முதலிலிருந்தே வாசித்துக்கொண்டிருக்கின்றன.

வயலினும் அப்படித்தான். அதன் விரற்பலகைக்கு ஏற்ற கருங்காலி இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளர்ந்தது. வில்லுக்கு உகந்த பெர்னாம்புகோ பிரேசிலின் அட்லாண்டிக் கரைக்காட்டு மரம். சாயத்துக்காகவே பல நூற்றாண்டு வெட்டி அழித்து, 2007-இல், அருகிவரும் உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டிய நிலைக்கு அது வந்தது. ஆப்பிரிக்க யானைத் தந்த வணிகத்துக்கு 1989-இல் தடை முடிவானது. கிடார் செய்ய உதவும் நம் ஈட்டி மரத்தையும் சேர்த்து அந்த மரவகை முழுவதும் 2017-இல் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. வாத்தியக்காரர்களும் வாத்தியக் கம்பெனிகளும் எல்லைதாண்டிப் போக முடியாமல் தவித்ததால், செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019-இல் விலக்கு கிடைத்தது. மேற்கத்திய இசையரங்கு தன் மரங்களை முதன்முதலாகப் பெயர் சொல்லி எண்ணிப் பார்த்தது சுங்க அதிகாரி கேட்டபோதுதான்.

நம் மரபில் இந்தப் பிரிவினை கிடையாது என்று உடனே சொல்லத் தோன்றும். அதற்கு ஆதாரமும் உண்டு. தொல்காப்பியம் கருப்பொருளை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை இவற்றோடு ஒரே வரிசையில் பறையையும் யாழையும் வைக்கிறது. இசை நிலத்தின் விளைச்சல்களில் ஒன்று. கேளம்பாக்கமும் கோவளமும் முட்டுக்காடும் நெய்தல். இந்த நிலத்துக்கு விளரி யாழ், செவ்வழிப் பண். உலகில் வேறெந்த இலக்கண நூலும் இசையை இப்படி மீனோடும் தாழையோடும் சேர்த்து உட்கார வைத்ததாக எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் நாம் அந்த வரிசையில் நிற்கவில்லையே. கீற்றுக் கொட்டகையில் கச்சேரி கேட்ட தலைமுறைக்குக் காக்கையும் மழையும் கூடவே கேட்டன. 1962-இல் மியூசிக் அகாடமியின் அரங்கம் திறந்தது. மற்ற சபைகளும் ஒவ்வொன்றாகச் சுவர் எழுப்பி ஏசி போட்டுக்கொண்டன. மிருதங்கத்துக்குள் இருக்கும் மாட்டுத்தோலையும் ஆட்டுத்தோலையும், அவற்றைப் பதப்படுத்தி வார் பிடிக்கும் குடும்பங்களையும் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' எழுதியபோது எத்தனை முகச்சுளிப்பு! மேற்கிலிருந்து வயலினை மட்டும் நாம் வாங்கவில்லை. மூடிய அரங்கையும், அதற்குள் மனிதன் மட்டுமே இருக்கிறான் என்ற பாவனையையும் சேர்த்தே வாங்கினோம்.

அந்தப் பாவனையைக் கலைத்த முயற்சி நம் கரையிலேயே நடந்தது. பெசன்ட் நகர் அருகே ஊரூர்-ஆல்காட் குப்பத்தில் 2015-இல் கச்சேரி மேடை கடற்கரைக்கே போனது. 2017 பொங்கலன்று 'சென்னை புறம்போக்கு பாடல்' வெளிவந்தது. கபேர் வாசுகியின் வரிகள், ஆர்.கே. ஸ்ரீராம்குமார் அமைத்த ராகமாலிகை, கிருஷ்ணாவின் குரல். சூழல் செயல்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன் முன்னெடுத்தது. காணொளியில் எண்ணூர்க் கழிமுகத்தின் சாம்பல் படிந்த நீரோரம், அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்கு முன்னால், முகமூடியோடு வித்வான்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆனந்தபைரவியும் பேகடாவும் அங்கே ஆலையின் இரைச்சலுக்குப் பக்கத்தில் ஒலித்தன. அமெரிக்க அறிஞர் ஜெஃப் டாட் டைட்டன், ஒலிவெளியும் எல்லா உயிர்களுக்கும் பொதுச்சொத்து, ஒருவர் அதை நிரப்பினால் மற்றவர் வாழ்வைப் பறிக்கிறார் என்று எழுதிவருகிறார். அவர் வாதத்தை நம் ஊருக்குப் பொருத்தினால், எண்ணூர்ப் பாட்டு நிலத்துக்கும் நீருக்கும் கேட்ட நியாயத்தைக் காற்றில் போகும் ஒலிக்கும் கேட்க வேண்டும். அது சரி என்றே நினைக்கிறேன்.

ஏனென்றால் கேளம்பாக்கம் காயலில் நடப்பது அதுதான். கோவளம் போகும் இணைப்புச் சாலையின் பாலத்தில் தை, மாசி மாதக் காலையில் நின்றால் இருபக்கமும் நீர் வற்றத் தொடங்கியிருக்கும். பவளக்கால் உள்ளான்களின் கீச்சொலி, ஆட்காட்டியின் பதற்றம், ஆலாக்கள் நீரில் விழும் சத்தம், சில வருடங்களில் பூநாரைக் கூட்டத்தின் தொண்டைப் பேச்சு, உப்பளத்தில் பலகை வைத்து உப்பை வாரும் சரசரப்பு. இவையெல்லாம் ஒன்றையொன்று மறைக்காமல் ஒன்றுக்கு மேல் ஒன்று அமர்ந்திருக்கும். கனமாக ஒன்று மேலே, மெல்லியது இடையில், விட்டுவிட்டு வருவது அதற்குள். ஒரு லாரி பாலத்தில் ஏறியதும் அத்தனையும் அழியும். அது போன பிறகு ஆட்காட்டிதான் முதலில் திரும்புகிறது, மற்றவை தயங்கித் தயங்கி வருகின்றன. காலை 8 மணிக்குப் பிறகு லாரிக்கும் லாரிக்கும் இடையே அவை திரும்ப நேரம் கிடைப்பதில்லை.

காயலுக்கு வெளியே கடலிலும் மற்ற உயிர்களுக்கு நிம்மதியில்லை. 2025-இன் தொடக்கத்தில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கி மூச்சுமுட்டி இறந்தவை. அதே ஆண்டின் தமிழக பட்ஜெட்டில் கோவளம் பகுதியில் புதிய நீர்த்தேக்கம் அறிவிக்கப்பட்டது. சென்னைக்குக் குடிநீர் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்தில்தான் இறால் குஞ்சு வளரும், அதை நன்னீராக்கினால் எங்கள் பிழைப்பு என்னாவது என்று மீனவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் இந்தக் காயலின் குரல்களும் நிற்கின்றன.

சட்டத்தில் இந்தக் குரல்களுக்கு இடம் இருக்கிறதா? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று எல்லை வைக்கின்றன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்க இடமுண்டு. எல்லாம் மனிதக் காதுக்கான அளவு. ஆனால் அதே விதிகளில், உரிய அதிகாரி வேறு எந்த இடத்தையும் அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்ற வாசகமும் இருக்கிறது. கேளம்பாக்கம்-கோவளம் பாலத்தையும் அதன் இருபுறக் காயலையும் வலசைக் காலமான மார்கழி முதல் பங்குனி வரை ஹார்ன் ஒலிக்காத இடமாக அறிவிக்க அரசுக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஓர் அறிவிக்கை போதும். அதைக் கேட்க வேண்டியவர்கள் பறவை ஆர்வலர்கள் மட்டுமல்ல, இங்கே இசை சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களும்தான். மேற்கத்திய இசையின் கிரேடு தேர்வில் செவிப் பயிற்சிக்கென்று தனி மதிப்பெண் உண்டு. அந்தப் பயிற்சியின் ஒரு வகுப்பைப் பாலத்தில் நடத்தட்டும்.

இந்தத் தொடரின் வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். நம் கடற்கரையின் பழைய ஒலியை யாரும் திட்டமிட்டுப் பதிவுசெய்து வைக்கவில்லை. ஆனால் 1980-களிலும் 90-களிலும் கோவளத்திலும் திருப்போரூரிலும் தையூரிலும் திறந்த பந்தலில் நடந்த கல்யாணங்களை வீடியோவிலும் டேப்ரிக்கார்டரிலும் எடுத்திருக்கிறீர்கள். நாகஸ்வரம் இளைப்பாறும் நேரத்தில் அவற்றில் தவளையும் ஆந்தையும் கடலும் பதிவாகியிருக்கும். அந்தக் கேசட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். டிஜிட்டலாக மாற்றக் கொடுக்கும்போது, உறையில் ஊரும் தேதியும் எழுதிக் கொடுங்கள். பின்னணிச் சத்தத்தை நீக்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.